பச்சை சோபாவும் எண்ணூற்று அறுபது லிட்டரும்

பீருக்கு வரி வசூலிக்கிற வேலையில் இருபத்து நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை என்பதால் சொல்வதையே விட்டுவிட்டேன். மாலையில் பேருந்தில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலோரம் ஒண்டிக்கொள்வார். நாள் முழுவதும் தொட்டிகளுக்குள் தலையை விட்டு அளந்துவிட்டு வருகிறவனின் சட்டை வேறு எப்படி மணக்கும்? வீட்டில் என் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சுட்டு வந்து பேசுங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே வரவேற்புதான்.

ஆபீசில் என் பெயர் குச்சி. ஆள் ஒல்லியோ என்று நினைக்க வேண்டாம், என் இடுப்பைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வராது. தொட்டியில் எவ்வளவு பீர் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, கோடு போட்ட நீளமான எஃகுக் குச்சி ஒன்றை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவேன். குச்சி வருகிறது என்றால் சின்னக் கடைக்காரர்கள் வேட்டைக்காரனைப் பார்த்ததுபோல எழுந்து நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெரிய ஆலையில் வேலை சுலபம். பீர் ஆலைக்குள் இருக்கும்வரை அரசாங்கத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வாசலைத் தாண்டும்போதுதான் வரி. குழாயில் மீட்டர், மீட்டரில் எங்கள் முத்திரை, வாசலில் லாரி எண்ண ஓர் ஆள். முடிந்தது. சொந்தமாகக் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற சின்னக் கடைகளில் அப்படி ஒரு வாசல் கிடையாது. தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து கண்ணாடிக் குவளை, குவளையிலிருந்து தொண்டை. இதில் எந்த இடத்தில் நின்று கையை நீட்டுவது? யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு விதி செய்தார்கள். காய்ச்சி முடித்த பீர், பரிமாறும் தொட்டிக்குள் எப்போது விழுகிறதோ அப்போதே வரியும் விழுந்துவிடும். கடைக்காரர் குழாயைத் திறப்பதற்கு முன் தானே அளந்து, எத்தனை லிட்டர், எவ்வளவு போதை என்று தொட்டிப் புத்தகத்தில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் தானே கூட்டிப் பார்த்துக் கட்ட வேண்டும். நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் குச்சியை விட்டுப் பார்த்து, புத்தகமும் தொட்டியும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்போம். சுருக்கமாகச் சொன்னால், கடைக்காரரை நம்புவதுதான் ஏற்பாடு. நம்பாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

தொட்டிக்குள் விழுந்த பிறகு பீர் கெட்டுப்போனால்? அதற்கும் மாதப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'அழித்தது' என்று தலைப்பு. அழித்த பீருக்கு வரி கிடையாது. ஆனால் அழிப்பதற்கு முன் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் வந்து பக்கத்தில் நின்று பார்க்கலாம், வர முடியாவிட்டால் சரி என்று சம்மதமாவது தரலாம். எப்படியானாலும் கட்டத்தின் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தாக வேண்டும். கையெழுத்தில்லாத 'அழித்தது' எங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். கள்ளத்தனமாக வெளியே விற்றுவிட்டு, கொட்டிவிட்டேன் என்று சொல்லி வரியில் கழிக்கப் பார்க்கிறாய் என்று அர்த்தம். அதற்கு அபராதம் கட்டித் தப்பிக்க முடியாது. லைசென்ஸே போய்விடும்.

மாஸ்டரம்மாவின் படிவம் அப்படித்தான் வந்தது. 'அழித்தது: 860 லிட்டர்.' பக்கத்தில் கையெழுத்துக் கட்டம் காலி.

மாஸ்டரம்மா என்பது அந்தத் தெருவே அவருக்கு வைத்த பெயர். பெரிய ஆலையின் சோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, கையிலிருந்த நகையையெல்லாம் விற்றுத் தனியாகக் கடை போட்டவர். காய்ச்சுவது அவர். கல்லாவில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது அவர் புருஷன். இருவர் பேச வேண்டிய பேச்சையும் அந்த மனிதரே பேசிவிடுவதால் அம்மாவுக்குப் பேசுகிற அவசியமே வந்ததில்லை. பதினோரு வருடமாக அந்தக் கடைத் தொட்டியில் குச்சியை விடுகிறேன், ஒருமுறைகூடப் புத்தகம் பொய் சொன்னதில்லை. ஒருமுறை அவர் எழுதியதைவிடத் தொட்டியில் இரண்டு லிட்டர் குறைவாக இருந்தது. நுரையையும் சேர்த்து அளந்து, அதற்கும் சேர்த்து வரி கட்டியிருந்தார்.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. ஒழுங்காக இருக்கிறவர்கள் ஒழுங்கு தவறினால் நம்மையே ஏமாற்றிவிட்டதுபோல இருக்கிறது. "போய்ப் பாருய்யா" என்றார் என் மேலதிகாரி. "வித்துட்டுத்தான் எழுதியிருப்பாங்க. ரெண்டு நாள்ல அறிக்கை குடு. லைசென்ஸைத் தூக்கிடலாம்."

நான் போனபோது கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்குள் குளிர் அறை, அறைக்குள் பரிமாறும் தொட்டிகள் மூன்று. மாஸ்டரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சுடுதண்ணீர்க் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் கவனித்தேன். காத்திருந்த ஆள் வந்துவிட்டதுபோல.

"வாங்க சார். கையெழுத்துக்கா?"

"என்ன கையெழுத்து? எண்ணூத்தி அறுபது லிட்டர் எங்கம்மா போச்சு?"

அவர் முகத்திலிருந்து அந்தத் தெளிவு மெல்லப் போய்விட்டது. அப்போது எனக்கு அதன் பொருள் புரியவில்லை, புரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

"கெட்டுப்போச்சு சார். கொட்டிட்டேன்" என்றார்.

விவரம் கேட்டேன், சொன்னார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை தொள்ளாயிரம் லிட்டர் தொட்டியில் ஏற்றியிருக்கிறார். அன்று மாலை நாற்பது லிட்டர் விற்றது. வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல முதல் குவளையைத் தானே பிடித்து வாயில் வைத்திருக்கிறார். புளிப்பு. கூடவே நாக்கில் ஒட்டுகிற ஒரு வழவழப்பு. கிருமி விழுந்துவிட்டது. மூன்று தொட்டிக்கும் ஒரே குழாய்வழி. ஒன்றில் விழுந்த கிருமி மற்ற இரண்டுக்கும் போனால் கடையையே மூட வேண்டியதுதான். அன்று காலையே கொட்டி, கொதிக்கிற தண்ணீரால் குழாய்களை ஆறு மணி நேரம் கழுவியிருக்கிறார்.

"ஏம்மா, கொட்டறதுக்கு முன்னாடி எங்களக் கூப்பிடணும்னு தெரியாதா? பதினோரு வருஷமா கடை நடத்தறீங்க."

கல்லாவிலிருந்து அவர் புருஷன், "சார், அன்னைக்கு அவ..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க போய் அந்த மால்ட் மூட்டையெல்லாம் இறக்கி வைங்க" என்றார் மாஸ்டரம்மா. அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார். அந்த மனிதர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"அவசரமா இருந்துச்சு சார். தப்புதான்" என்றார் அம்மா.

எரிச்சலோடு வெளியே வந்தேன். குச்சியை உறையில் செருகிக்கொண்டு படியிறங்கும்போது பக்கத்து லாண்டரியிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். அந்த லாண்டரிக்காரருக்கும் மாஸ்டரம்மாவுக்கும் வண்டி நிறுத்தும் தகராறு ஏழெட்டு வருடமாக ஓடுகிறது.

"நீங்க முனிசிபாலிட்டிதானே? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? புகார் குடுத்து ஒரு மாசமாச்சு."

நான் முனிசிபாலிட்டி இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். தரையில் தண்ணீர் போகிற ஓட்டையைக் காட்டினார்.

"அவங்க சாக்கடையும் இதுவும் ஒண்ணு. இது வழியா நுரை வந்துச்சு சார். கொஞ்சநஞ்சம் இல்ல, முட்டி உயரத்துக்கு. ஹோட்டல்காரன் குடுத்த வெள்ளை பெட்ஷீட் நூத்தி இருபது, துவைச்சு அடுக்கி வச்சது, அத்தனையும் புளிச்ச நாத்தம். திரும்பத் துவைச்சேன். அதுக்கு யாரு பணம் குடுப்பாங்க?" என்று போனை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, ஆதாரம்."

படத்தில் லாண்டரிக்காரரே நுரைக்குள் நின்றுகொண்டிருந்தார். மேகத்தில் நிற்கிறவர் மாதிரி இருந்தது, முகம் மட்டும் அதற்குப் பொருந்தவில்லை. மூலையில் தேதியும் நேரமும். போன மாதம் பதினேழு, வெள்ளிக்கிழமை, காலை 11.52.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது, ஐம்பது லிட்டர் கொட்டினால் இப்படி நுரை வராது. தொட்டியையே கவிழ்த்தால்தான் வரும். அந்த அம்மா விற்கவில்லை, கொட்டித்தான் இருக்கிறார். ஜென்ம விரோதியே அதற்குச் சாட்சி எடுத்து வைத்திருக்கிறார். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். முனிசிபாலிட்டியில் பேசுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். அவரிடம் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம், மறுநாள் போய்ப் பேசவும் செய்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன். புது சோபா. பச்சை நிறம். போன வாரம் மேலதிகாரி ஏதோ காகிதம் கொடுக்க வந்தபோது இதில்தான் உட்கார்ந்து காப்பி குடித்தார். "பதவி உயர்வு லிஸ்ட்ல உன் பேரு மூணாவதா இருக்கு. கைய கால வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு அந்த சோபாவின் மேல் தனிப் பிரியம்.

பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். நுரையைச் சொன்னதும் சிரித்தாள்.

"பாவம்தான், கொட்டித்தான் இருக்காங்க" என்றேன். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கில்ல? சொல்லாம கொட்டினா நான் என்ன பண்ண முடியும்? ஒரு போன் பண்ணியிருந்தா போதும். ஒரே ஒரு போன். லைசென்ஸ் தப்பிச்சிருக்கும்."

"எந்தத் தேதின்னு சொன்னீங்க?"

"போன மாசம் பதினேழு."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "பண்ணாங்களே" என்றாள்.

"யாரு?"

"நாம சோபா வாங்குன அன்னைக்கு. நீங்க லீவு போட்டீங்க. கடையில நிக்கறப்ப ஒரு அம்மா போன் பண்ணல? நீங்க 'சரி சரி, நீங்களே பாத்துக் கொட்டிடுங்கம்மா, கையெழுத்து அப்புறம் வந்து போடறேன்'னு சொல்லி வச்சீங்க. என்னத்தக் கொட்டச் சொல்றீங்கன்னு நான்கூடக் கேட்டேன். 'குப்பை'ன்னீங்க."

போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பதினேழாம் தேதி, காலை 11.20. மாஸ்டரம்மா. ஒரு நிமிடம் பத்து நொடி.

சுத்தமாக மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் சௌகரியம். பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி என்னவென்றால், அந்த அழைப்பை நான் காதில் வாங்கவே இல்லை. சோபாவின் நிறத்தில் பெண்டாட்டியோடு சண்டை. விற்பனைக்காரன் எதிரில் நின்று பல்லைக் காட்டுகிறான். ஆளை விட்டால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒருத்தி தொட்டியின் அடியில், குழாய்த் திருகைப் பிடித்துக்கொண்டு, கொட்டலாமா கூடாதா என்று என் வாயைப் பார்த்து நின்றிருக்கிறாள். அதற்கப்புறம் கையெழுத்துப் போட வருவேன் என்று மாதக் கடைசிவரை காத்திருந்திருக்கிறாள். கடைசியில் நான் போனேன். போய், எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

எழுந்துவிட்டேன்.

"ஏன், உக்காருங்களேன்" என்றாள். எனக்கு அந்த சோபாவில் உட்காரப் பிடிக்கவில்லை. அன்று சாப்பாட்டு மேசை நாற்காலியிலேயே பொழுதைக் கழித்தேன்.

மறுநாள் காலையில் மாஸ்டரம்மாவிடம் போய், தொட்டிப் புத்தகத்தைக் கொடுங்கள் என்றேன். குளிர் அறைக் கதவில் நூல் கட்டித் தொங்கவிட்டிருப்பார், பேனாவோடு. எடுத்துக் கொடுத்தார். பதினேழாம் தேதிப் பக்கத்தில் சின்ன, சரிவில்லாத எழுத்து. 'காலை 9.10. முதல் குவளை புளிப்பு. குழாய் மூடினேன். 11.20. அதிகாரிக்குப் போனில் சொன்னேன். நீங்களே கொட்டிடுங்கள், கையெழுத்து அப்புறம் என்றார். 11.35. கொட்டினேன்.'

முதல் குவளைக்கும் போனுக்கும் நடுவே இரண்டு மணி நேரம். ஏன் என்று கேட்டேன்.

"ஆபீசுக்கு நாலு தடவ பண்ணேன். யாரும் எடுக்கல. அப்புறம்தான் உங்க நம்பருக்குப் பண்ணேன். சொந்த நம்பருக்குப் பண்ணி எதுக்குத் தொந்தரவு குடுக்கறதுன்னு யோசனை."

"நேத்து நான் கேட்டப்ப இதை ஏம்மா சொல்லல?"

"நீங்க வந்து கேட்ட விதத்துலயே தெரிஞ்சுது சார். ஒண்ணு உங்களுக்கு ஞாபகம் இல்ல. இல்லன்னா, ஞாபகம் இருந்தும் கேக்கறீங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் சொன்னா நீங்க இல்லன்னு சொல்லுவீங்க. போன்ல பேசுனதுக்கு எங்கிட்ட என்ன சாட்சி இருக்கு? சும்மா இருந்தா லைசென்ஸ் மட்டும் போகும். சொன்னேன்னா பொய்க்காரின்னு பேரும் சேர்ந்து வரும்."

"நான் அப்படிப்பட்ட ஆளா?"

அவர் புத்தகத்தை வாங்கி மறுபடி கதவில் மாட்டினார். மரியாதைக்காகத்தான் 'ஆமாம்' என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. பதினோரு வருடம் நான் அவரை நம்பியிருக்கிறேன். அவர் என்னை ஒரு நாளும் நம்பவில்லை. குச்சியைப் பார்த்து எழுந்து நின்றாரே, அது மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போய் அறிக்கை எழுதினேன். நாலே வரி. பீர் கொட்டப்பட்டது உண்மை, படம் இணைத்திருக்கிறேன். கொட்டுவதற்கு முன் எனக்குத் தகவல் வந்தது. நான் போகவில்லை, கொட்டச் சொன்னேன். கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் போடாமல் விட்டது என் தவறு.

மேலதிகாரி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு வாங்குன?"

"சார்?"

"அந்தம்மாவே போன் பண்ணேன்னு எங்கயும் எழுதிக் குடுக்கல. நீயா வந்து, எனக்கு போன் வந்துச்சு, நான்தான் கொட்டச் சொன்னேன்னு எழுதற. லிஸ்ட்ல மூணாவது ஆளு. எவனாவது சும்மா தலையைக் குடுப்பானா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் தப்பு பண்ணேன்னு எழுதுன அறிக்கையை நான் பாத்ததில்லய்யா."

போன் அழைப்பைக் காட்டினேன். "ஒரு நிமிஷம் பேசியிருக்கீங்க. என்ன பேசுனீங்கன்னு போன் சொல்லுமா? குச்சியைக் கழுவி வச்சியான்னுகூடக் கேட்டிருக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். உண்மை பேசினால் லஞ்சம் என்று படுகிற அளவுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ஆபீசை வளர்த்து வைத்திருந்தோம்.

மாஸ்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார். மூன்று மணிக்கு அந்த அம்மா வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பு போட்டிருந்தார், கையில் தொட்டிப் புத்தகம். மேலதிகாரி என்னை மூலையில் உட்காரச் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

"அன்னைக்கு போன்ல என்னம்மா பேசுனாரு இவரு? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

அவர் புத்தகத்தில் இருந்ததையே சொன்னார்.

"இது புத்தகத்துல இருக்கு. நேத்துகூட எழுதியிருக்கலாம். வேற என்ன கேட்டுச்சு?"

மாஸ்டரம்மா தயங்கினார். என்னை ஒருமுறை பார்த்தார். "அது அவர் வீட்டு விஷயம் சார். நான் சொல்றது நல்லா இருக்காது."

"சொல்லுங்க."

"ஏதோ கடையில இருந்தாரு. சோபா வாங்கிட்டு இருந்தாங்கபோல. பக்கத்துல அவர் வீட்டம்மா சத்தம் போட்டாங்க." மறுபடியும் நிறுத்தினார். "பச்சை வேணாம்னு சொன்னா கேக்கவே மாட்டீங்களா, அதுல நீங்க உக்காந்தா உக்காந்திருக்கிற எடமே தெரியாது, தொப்பை வச்ச தவளை மாதிரி இருப்பீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு இவரு, தவளையா இருந்தா இருந்துட்டுப் போறேன், பச்சைதான்னு சொல்லிட்டு, எங்கிட்ட கொட்டிடுங்கன்னாரு."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. போன வாரம் அவர் உட்கார்ந்து காப்பி குடித்த சோபா அது. தவளை விஷயம் எனக்கே அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. காது மடல் சுட்டது.

"ஆமாவாய்யா?"

"ஆமா சார்."

"இதை எவனும் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டை எடுத்தபோது பழைய முகம் வந்துவிட்டது. படிவத்தை என் பக்கம் தள்ளி, "போடு கையெழுத்த. இன்னைக்குத் தேதி போட்டு, தாமதத்துக்குக் காரணம்னு எழுதி, உன் பேரப் போடு" என்றார். போட்டேன். மாஸ்டரம்மாவிடம், "உங்க லைசென்ஸுக்கு ஒண்ணும் இல்லம்மா. போயிட்டு வாங்க" என்றார். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

எனக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பட்டியலில் இந்த வருடம் என் பெயர் இருக்காது. அடுத்த மாதத்திலிருந்து பெரிய ஆலை வாசலில் லாரி எண்ண வேண்டும். குச்சியை ஒப்படைத்துவிட வேண்டும். "எழுதாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது" என்றார். திட்டுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்தால் மாஸ்டரம்மா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம்மா, என் கடமை என்று சொல்வதற்கு வார்த்தைகளைத் தயாராகவும் வைத்துக்கொண்டேன். இருபத்து நான்கு வருட வியாதி, ஒரே நாளில் போகுமா?

"மாத்திட்டாங்களா சார்?"

"ஆமாம்மா. இனிமே வேற ஆளு வருவாரு."

"அடுத்த தடவ ஏதாவது கெட்டுப்போனா அவருக்கு போன் பண்ணுவேன். அவர் பேசறதைப் பதிவு பண்ணி வச்சுக்குவேன். தப்பா நினைக்காதீங்க."

"பண்ணுங்கம்மா. அதுதான் சரி" என்றேன். தயாராக வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "உங்க வீட்டம்மாவ நான் பேச்சுல இழுத்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

"அவ சந்தோஷப்படுவா. பச்சை வேணாம்னு சொன்னதுக்கு அவளுக்கு ஒரு சாட்சி கிடைச்சிருக்கு."

முதல்தடவையாக அந்த அம்மா சிரித்ததைப் பார்த்தேன். சின்னச் சிரிப்புதான். "உக்கார நல்லா இருக்கா சார் அது?"

"தெரியலம்மா. நேத்துலேருந்து உக்காரல."

"நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னுதான் நினைச்சேன்" என்றார். "நான் நினைச்சது தப்பு. போய் உக்காருங்க. எனக்கு நாலரை மணிக்குத் தொட்டி ஏத்தணும்."

வேகமாகப் போய்விட்டார். தொட்டி ஏற்றினால் அளக்க வேண்டும், அளந்தால் எழுத வேண்டும். அதைச் சரிபார்க்க இனி நான் போகப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி வழக்கம்போல வாசலில் நிறுத்தி, குளித்துவிட்டு வரச் சொன்னாள். குளித்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தேன்.

"தவளை" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

"ஆமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.